ஓட்டு மெஷினா, ஓட்டுச் சீட்டா, செல்போனா?

2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகர் தொகுதியின் முடிவு 137 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. ஒரே ஒரு வாக்குச்சாவடியில் விழும் ஓட்டே பல நூறு இருக்கும். ஒரு சாவடியில் 69 பேருடைய ஓட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் எம்எல்ஏ மாறியிருப்பார். அங்கே தப்பு நடந்தது என்று சொல்ல வரவில்லை. இவ்வளவு நெருக்கமான முடிவில் தோற்றவர் “எனக்குக் காட்டுங்கள்” என்று கேட்டால் அதிகாரிகளால் எதை எடுத்துக் காட்ட முடியும் என்பதுதான் கேள்வி.

ஓட்டுப் போடும் முறையை மாற்றலாமா என்று பேசும்போது வேகம், செலவு, நவீனம் என்று பலதையும் அளக்கிறோம். என் அளவுகோல் ஒன்றுதான்: தோற்ற கட்சியின் பூத் ஏஜென்ட் தன் கண்ணால் பார்த்து, “சரி, தோற்றுவிட்டோம்” என்று ஒப்புக்கொள்ள வழி இருக்கிறதா? ஜெயித்தவரைச் சமாதானப்படுத்த எந்த முறையும் போதும். பழையபடி சீட்டுக்கே போவது, இப்போதிருக்கும் மெஷின் முறை, விவிபாட் சீட்டு (ஓட்டு விழுந்ததும் மெஷினோடு இணைந்த பிரிண்டர் அச்சடிப்பது) முழுவதையும் எண்ணுவது, வித்தியாசத்துக்குத் தகுந்தபடி சரிபார்ப்பது, செல்போனிலோ இணையத்திலோ ஓட்டுப் போடுவது என்று இன்று பேச்சில் இருக்கும் வழிகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

ஓட்டுச் சீட்டு என்றதும் ஏதோ பழங்கதை என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு கிராமங்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று கலர் கலராகச் சீட்டு வாங்கி, முத்திரை குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். 2020 ஜனவரி 2 காலையில் எண்ண ஆரம்பித்தது, பல இடங்களில் விடிய விடியப் போய் மறுநாளும் முடியவில்லை. முதலில் கலர் கலராகப் பிரிக்க வேண்டும், அப்புறம் கட்டுக் கட்டாகக் கட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் எண்ணிக்கையே.

சீட்டின் பெரிய பலம் அதில் நடக்கும் திருட்டும் கண்ணுக்குத் தெரியும் என்பது. 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தலில் மொத்தமே 36 ஓட்டு. அதில் எட்டுச் சீட்டைச் செல்லாது என்று தேர்தலை நடத்திய அதிகாரி ஒதுக்கினார். அவரே உட்கார்ந்து பேனாவால் சீட்டில் கோடு போடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்து, நேரடியாகப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று முடிவை மாற்றியது. எந்த எஞ்சினியரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இதே காரணத்தைத்தான் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 தீர்ப்பில் வேறு விதமாகச் சொன்னது. 2005 தேர்தலில் அங்கே நெடாப் நிறுவனத்தின் மெஷின்களில் சுமார் 20 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். மெஷினில் மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்பம் தெரியாத ஒரு சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும், இந்த மெஷினில் அது முடியாது, அதனால் இது சாசனத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பு வந்தது. நெதர்லாந்தும் அதற்கு முன்பே அதே நிறுவனத்தின் மெஷினை ஓரம்கட்டியது. ஒரு ஆர்வலர் குழு அந்த மெஷினில் சதுரங்க விளையாட்டையே ஏற்றி ஓடவிட்டுக் காட்டிய பிறகு அரசாங்கம் வேறென்ன செய்யும்? அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கிய மெஷின்கள், 2002-ல் ஒரு சோதனை ஓட்டத்தோடு கிடங்குக்குப் போய், 2012-ல் பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன.

அப்படியென்றால் நாமும் சீட்டுக்குத் திரும்பிவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு டெபாசிட் தொகையை உயர்த்தியதால் அது திரும்ப நடக்க வாய்ப்பு குறைவு. (நடந்தாலும் சீட்டைத்தான் நாட வேண்டும், இன்றைய மெஷினிலும் நோட்டாவைச் சேர்த்து 384 பெயர்தான் அடங்கும்.) பிரச்சினை செல்லாத ஓட்டு. முத்திரை இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுந்தால், மை மடிப்பில் படிந்து எதிர்ப்பக்கம் ஒட்டினால், அந்த ஓட்டு யாருக்கு என்பதை மேஜையில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். தபால் ஓட்டில் இது இன்றும் நடக்கிறது. 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. நிராகரித்த தபால் ஓட்டு 203. சான்றொப்பம் போட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பதுதான் வழக்கு. உயர் நீதிமன்றம் 2019-ல் மறுபடி எண்ணச் சொன்னது, உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை போட்டது, அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் ஓடிப்போனது. தாள் கையில் இருந்தும் பதில் கிடைக்கவில்லை.

இனி மெஷின். இது இந்தியாவிலேயே பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்), இசிஐஎல் என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் செய்வது. பெல் நிறுவனத்தில் அந்தக் குழுவை மேற்பார்த்தவர்களில் ஒருவர் ரங்கராஜன் என்கிற சுஜாதா என்பதால் நமக்கு அதன் மேல் கொஞ்சம் சொந்தம்கூட உண்டு. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடியில் முதலில் வைத்தார்கள். 123 ஓட்டில் தோற்றவர் வழக்குப் போட்டார். சட்டத்தில் மெஷினுக்கு இடமே இல்லையே என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்து, அந்தச் சாவடிகளில் மறுபடி ஓட்டுப் போட வைத்தது. மெஷினை முதலில் கொண்டுவந்துவிட்டு, சட்டத்தை 1989-ல் அமலாக்கினார்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் ஓட்டைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். 2001-ல் தமிழ்நாடு முழுக்க மெஷின், 2004-ல் நாடு முழுக்க.

மெஷின் வந்ததில் செல்லாத ஓட்டு ஒழிந்தது. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளும் வேலையும் கஷ்டமானது. ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் இடையில் அதிகாரி பொத்தானை அழுத்தி அனுமதிக்க வேண்டும், நிமிடத்துக்கு நாலைந்துக்கு மேல் ஏறாது, பிரச்சினை என்றால் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்தினால் முடிந்தது. எண்ணிக்கையும் மதியத்துக்குள் தெரிந்துவிடுகிறது. இழந்தது ஒன்றே ஒன்று: திரும்ப எண்ணினாலும் மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும். அது மறு எண்ணிக்கை ஆகாது.

அதற்காக வந்ததுதான் விவிபாட். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிக்கும் வந்தது. பொத்தானை அழுத்தினால் பஸ் கண்டக்டர் மெஷினில் வரும் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு அச்சாகும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும், பிறகு வெட்டுப்பட்டுப் பெட்டியில் விழும். மெஷின் காட்டும் எண்ணும் சீட்டின் எண்ணிக்கையும் மோதினால் சீட்டுதான் செல்லும். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 56டி அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆக, தாள் ஆதாரம் நம்மிடம் இருக்கிறது. அதை எவ்வளவு எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியைக் குலுக்கல் போட்டு எடுத்து எண்ணுகிறார்கள். 2019 ஏப்ரல் வரை ஒன்றாக இருந்தது, உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. வித்தியாசம் 137 ஆக இருந்தாலும் 70 ஆயிரமாக இருந்தாலும் ஐந்துதான்.

ஒரு தொகுதியில் 300 சாவடி என்று வைத்துக்கொள்வோம். 137 ஓட்டு வித்தியாசத்தை மாற்ற ஒரு சாவடியில் கை வைத்தால் போதும் என்று பார்த்தோம். ஐந்து சாவடியைக் குலுக்கி எடுத்தால் அந்த ஒன்று கையில் வர 60-க்கு ஒரு வாய்ப்பு. இன்னொரு தொகுதியில் இரண்டு லட்சம் ஓட்டு பதிவாகி, வித்தியாசம் 20 ஆயிரம். அதைப் புரட்ட 10 ஆயிரம் ஓட்டை மாற்ற வேண்டும். சாவடிக்கு 200 என்றால் 50 சாவடி. ஐந்து எடுத்தால் அதில் ஒன்றாவது சிக்க 60 சதவீத வாய்ப்பு. 20 எடுத்தால் 97 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மாநிலம் முழுக்கப் பரவலாக மோசடி நடந்தால் இன்றைய ஐந்தே காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் 234 தொகுதிக்கும் சேர்த்து 1,170 சாவடியை எண்ணுகிறோம். அதனால் ‘மொத்தத் தேர்தலையே மெஷினில் திருடிவிட்டார்கள்’ என்று மேடையில் முழங்குபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ஒற்றைத் தொகுதியில், நெருக்கமான முடிவில், ஐந்து என்பது ஒப்புக்குச் சப்பாணிதான்.

சரி, எல்லாச் சீட்டையும் எண்ணிவிட்டால்? தேர்தல் சீர்திருத்தம் கேட்டுப் போராடும் ஏடிஆர் அமைப்பு இதைக் கேட்டுப் போட்ட வழக்கில் 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பழைய சீட்டு முறைக்குப் போகவும் மறுத்தது. அதற்குப் பதிலாக இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், தொகுதிக்கு ஐந்து சதவீத மெஷின்களின் நினைவகச் சில்லை எஞ்சினியர்கள் சோதிக்க வழி செய்தது. செலவு கேட்பவர் தலையில். எனக்கு இதில் திருப்தியில்லை. மெஷினைச் செய்தவர்களே மெஷினைச் சோதித்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதை பூத் ஏஜென்ட் எப்படித் தன் கண்ணால் பார்ப்பார்?

முழு எண்ணிக்கைக்கு ஆகும் நேரத்தை எல்லோரும் பூதாகரமாக்குகிறார்கள். ஒரு பெட்டியை எண்ண சுமார் ஒரு மணி நேரம். 300 சாவடி, 14 மேஜை என்றால் 22 சுற்று, அதாவது ஏறக்குறைய ஒரு நாள் கூடுதல். ஏழு கட்டமாக ஒன்றரை மாதம் தேர்தல் நடத்தும் நாட்டுக்கு ஒரு நாள் பெரிய விஷயமில்லை. உண்மையான தொல்லை வேறு. கையால் எண்ணினால் மனிதத் தவறு வரும். வெறும் மாதிரிச் சரிபார்ப்பிலேயே 2019-ல் ஆந்திராவின் மைதுகூரில் ஒரு சாவடிக் கணக்கு இடித்தது. காலையில் சோதனைக்காகப் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்காமல் விட்டதுதான் காரணம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சாவடியிலும் எண்ணினால் இப்படி எத்தனை இடிக்கும்? ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பில் ‘பிடிபட்டது மோசடி’ என்று சுற்றும். 50 ஆயிரம் ஓட்டில் ஜெயித்த இடத்தில் மூன்று ஓட்டு இடிப்பதைத் தேடிப்பிடிக்க அவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் எண்ணு, குறையக் குறைய அதிகம் எண்ணு, மயிரிழையில் தொங்கினால் அத்தனையும் எண்ணு. பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஃபிலிப் ஸ்டார்க் 2008 வாக்கில் இதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017-ல் முதல் முறையாக மாநிலம் முழுக்கச் செய்து பார்த்தது. 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் சுமார் 50 லட்சம் சீட்டையும் கையாலேயே எண்ணினார்கள். எண்ணிக்கையில் சிறு மாற்றம் வந்தது, ஜெயித்தவர் மாறவில்லை. தோற்றவர் அதற்குப் பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. ஆனால் அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த மாநிலத் தேர்தல் பொறுப்பாளரே முடிவில் உறுதியாக நின்றார். கையில் 50 லட்சம் தாள் இருந்ததால் அவரால் நிற்க முடிந்தது.

இதை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே பல இடங்களில் வாக்காளர் தன் கையால் தாளில் குறிக்கிறார், ஸ்கேனர் எண்ணுகிறது. இங்கே தாளை மெஷின் அச்சடிக்கிறது, வாக்காளர் ஏழு நொடி பார்க்கலாம், தொட முடியாது. எத்தனை பேர் பார்க்கிறார்கள்? பீப் சத்தம் கேட்டதும் திரும்பி நடப்பவர்கள்தான் அதிகம். தவறாக அச்சானதாகப் புகார் சொன்னால் சோதனை ஓட்டு போட வைப்பார்கள், புகார் பொய்யென்றால் சிறைத் தண்டனை வரை போகலாம். இந்தப் பயத்தை நீக்காமல் விவிபாட் சீட்டை முழு ஆதாரம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சீட்டில் பார்கோடு அச்சடித்து மெஷினாலேயே எண்ணலாமா என்று பார்க்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையத்திடம் சொன்னது. எண்ணும் நேரம் குறையும்தான். ஆனால் வாக்காளருக்குச் சின்னம் படிக்கத் தெரியும், பார்கோடு தெரியாது. எண்ணுவது சின்னமாக இருக்க வேண்டும்.

மெஷின் வந்ததில் நாம் கவனிக்காமல் விட்ட இன்னொரு இழப்பு ரகசியம். சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டைக் கலந்து எண்ண விதி இருந்தது. இப்போது மெஷின் வாரியாக எண்ணுவதால் எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று படிவம் 20 என்ற முடிவு அட்டவணை பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. ‘உங்க தெரு எங்களுக்குப் போடலை, தண்ணி லாரி வராது’ என்று சொல்ல ஒரு கவுன்சிலருக்கு இதைவிட என்ன வேண்டும்? 14 மெஷின்களின் கணக்கைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, சட்ட ஆணையம் 2015-ல் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லும் சரிபார்ப்புக்குச் சாவடி வாரியான எண் தேவைப்படும் என்பதால் இரண்டும் கொஞ்சம் முட்டும். குலுக்கலில் விழும் சாவடிகளின் எண்ணை மட்டும் வெளியிட்டு, மற்றவற்றைச் சேர்த்துக் காட்டினால் சமாளிக்கலாம். மயிரிழைத் தொகுதியில் ரகசியம் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

செல்போன் ஓட்டுக்கு வருவோம். இதை முன்மொழிபவர்கள் உடனே எஸ்டோனியாவைக் காட்டுவார்கள். 2005-லிருந்து இணைய ஓட்டு, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேல் இணையத்திலேயே விழுந்தது. 13 லட்சம் பேர் கொண்ட நாடு, எல்லோரிடமும் சில்லு பதித்த அடையாள அட்டை. யாராவது மிரட்டி ஓட்டுப் போட வைத்தால், அப்புறம் தனியாக உட்கார்ந்து மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் கணக்கு. நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணைய ஓட்டு ரத்து. நல்ல யோசனைதான். அந்த நாட்டிலேயே 2017-ல் லட்சக்கணக்கான அட்டைகளின் சில்லில் குறியாக்கப் பலவீனம் இருப்பது தெரிந்து, அவசரமாகப் புதுப்பித்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் இணைய ஓட்டுத் தளம் சுமை தாங்காமல் படுத்துவிட, மூன்று இடங்களின் முடிவை நீதிமன்றம் ரத்து செய்து மறுதேர்தல் நடத்த வேண்டியதாயிற்று.

நம் ஊர்க் கதை இதைவிடச் சிக்கல். பணப்பட்டுவாடாவுக்காக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று தேர்தலையே ரத்து செய்த மாநிலம் இது. இன்று பணம் கொடுப்பவருக்கு ஒரு கவலை உண்டு: வாங்கியவர் உள்ளே போய் யாருக்கு அழுத்தினார் என்று தெரியாது. அந்த அட்டை மறைப்புதான் ஏழையின் பாதுகாப்பு. செல்போனில் ஓட்டு என்றால் பணத்தை நீட்டியவர் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். மாற்றிப் போடலாமே என்றால், கடைசி நாள் சாயங்காலம் வரை போனை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? வீட்டில் ஒரே போன், அது கணவர் கையில் என்றால்? பீகாரில் 2025 ஜூனில் சில நகராட்சித் தேர்தல்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வெளியூரில் இருப்பவர்கள் போன்றோருக்குச் செல்போன் ஓட்டு வந்துவிட்டது. சிறிய தேர்தலில் தொடங்கிப் பெரியதற்கு ஏறுவதுதான் வழக்கம். பரவூர் நினைவுக்கு வருகிறது. என் கேள்விக்கு இந்த முறையிடம் பதிலே கிடையாது: தோற்றவருக்குக் காட்ட ஒரு தாளும் இல்லை.

ஆனால் வெளியூரில் இருப்பவர்களை அப்படியே விட்டுவிடவும் முடியாது. துபாயில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரருக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, ஓட்டுப் போட விமானம் ஏறி வர வேண்டும். திருப்பூரில் தைக்கும் ஒடிசாக்காரருக்கும் இதே நிலை. ஒரே இடத்தில் 72 தொகுதிக்கு ஓட்டுப் போடும் ரிமோட் மெஷினை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது, கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 72 தொகுதிக்கும் ஏஜென்டை எங்கிருந்து உட்கார வைப்பது என்பது நியாயமான கேள்வி. ராணுவத்தினருக்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது. சீட்டு மின்னணு முறையில் போகும், அவர்கள் அச்செடுத்துக் குறித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். வெளிநாட்டு வாக்காளருக்கும் இதை நீட்டலாம் என்று ஆணையமே 2020-ல் சொன்னது. மெதுவானதுதான், ராதாபுரத்துச் சான்றொப்பத் தகராறும் கூடவே வரும். ஆனால் தாள் வந்து சேருகிறது.

இதையெல்லாம் விட அவசரப்படுத்துவது செயற்கை நுண்ணறிவு. 2024-ல் கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார், ஜெயலலிதா குரலில் தொண்டர்களுக்கு உரை வந்தது. இரண்டும் கட்சிக்காரர்களே தெரிந்து செய்தவை. நாளை எண்ணிக்கை நடக்கும் இரவில், ஸ்ட்ராங் ரூமுக்குள் ஒருவர் மெஷினைத் திறப்பது போல ஒரு போலி வீடியோ வரும். மறுப்பு அறிக்கை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சிசிடிவி காட்சியைப் போட்டால் அதையும் போலி என்பார்கள். அப்போது பெட்டியைத் திறந்து, இரண்டு கட்சி ஏஜென்ட் முன்னால் சீட்டை எண்ணுவதற்கு ஈடான பதில் கிடையாது. யாரும் கேட்டுத்தான் எண்ண வேண்டும் என்றில்லாமல், வித்தியாசம் குறைந்தால் தானாகவே எண்ணும் என்று முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும்.

இன்றைய 56டி விதிப்படி வேட்பாளர் கேட்கலாம், எண்ணுவதா வேண்டாமா என்பது தேர்தல் அதிகாரியின் முடிவு. இதை மாற்றப் புதிய சட்டமும் வேண்டாம், நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பும் வேண்டாம். ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். 2024 டிசம்பர் 20 அன்று இதே விதித் தொகுப்பில் 93-ஆம் விதியை அப்படித்தான் திருத்தினார்கள். வாக்குச்சாவடி சிசிடிவி பதிவு போன்ற மின்னணு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் வழியை அந்தத் திருத்தம் அடைத்தது.